அச்சுக்கூடத்தில் பிறந்த குடியானவர்கள்

1566ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆண்ட்வெர்ப் நகரத்துச் செல்வந்தர் நிக்கலாஸ் யோங்கலிங்க் ஒரு பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். டேனியல் டி ப்ராய்ன் என்பவர் நகர நிர்வாகத்துக்குக் கட்ட வேண்டிய 16,000 கில்டருக்கு அவர் ஜாமீன் நின்றார். அந்தத் தொகைக்கு ஈடாக எழுதிவைத்தது தன் மாளிகைச் சுவர்களில் தொங்கிய ஓவியங்களை. பட்டியலில் ஃப்ரான்ஸ் ஃப்ளோரிஸ் வரைந்தவை 22, ஆல்ப்ரெக்ட் ட்யூரர் வரைந்தது ஒன்று, பீட்டர் ப்ரூகல் வரைந்தவை 16. பாபேல் கோபுரமும், சிலுவை சுமந்து செல்லும் இயேசுவும், மாதங்களின் வரிசையும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன.

வைக்கோல் அறுப்பவர்கள், கதிர் அறுப்பவர்கள், மாடு ஓட்டி வருபவர்கள், பனியில் ஏறக்குறைய வெறுங்கையோடு திரும்பும் வேட்டைக்காரர்கள் எல்லோரும் இப்படி ஒரு பெருவணிகரின் வீட்டில் குடியிருந்தார்கள். அந்த வீட்டுக்கு விருந்துண்ண வந்தவர்களில் அரிவாள் பிடித்துப் பழகியவர் ஒருவர்கூட இருந்திருப்பார் என்று தோன்றவில்லை. நாட்டுப்புறத்து மனிதர்களை இவ்வளவு நெருங்கி வரைந்த ஓவியரைப் பார்த்தவர்கள் நகரத்துப் பணக்காரர்கள். வாங்கியவர்களும் அவர்களே. ப்ரூகலைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். பல காலமாக நாம் அவரை வயல்வெளியில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

‘குடியானவ ப்ரூகல்’ என்ற பட்டப்பெயர் நிலைக்கக் காரணமானவர் காரெல் வான் மாண்டர். ஓவியரும் எழுத்தாளருமான இவர் 1604இல் வெளியிட்ட ஓவியர் வரலாற்று நூலில் ப்ரூகலுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கினார். ப்ரூகல் இறந்து அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கிராமத்துக் குடியானவர்களிடையே பிறந்தவர், ஹான்ஸ் ஃப்ராங்கர்ட் என்ற வணிக நண்பரோடு கிராமத்துத் திருமணங்களுக்குப் போவார், இருவரும் குடியானவர் உடை போட்டுக்கொண்டு பெண் வீட்டாரின் அல்லது மாப்பிள்ளை வீட்டாரின் உறவினரைப் போல மொய்ப் பொருளோடு உள்ளே நுழைவார்கள் என்றெல்லாம் சுவையான கதைகள் அதில் உண்டு.

கதை உண்மையாகவே இருக்கட்டும். குடியானவர் கூட்டத்துக்குள் போக ஒருவருக்கு வேடம் தேவைப்பட்டது என்றால் அவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை என்றுதானே பொருள்? வான் மாண்டர் தான் சொல்ல வந்ததற்கு எதிரான சாட்சியத்தைத் தானே தந்துவிட்டார். அவருக்கு முன்பே, ப்ரூகல் உயிரோடிருந்த 1567இல், நெதர்லாந்து நாடுகளைப் பற்றி நூல் எழுதிய இத்தாலியர் லொடோவிக்கோ குய்ச்சார்தினி ப்ரூகலை ‘பிரேடா’ நகரத்தவர் என்கிறார். பூதங்களை வரைந்த ஹியரோனிமஸ் போஷின் கலையைத் தொடர்பவர், இரண்டாம் போஷ் என்று பெயர் பெற்றவர் என்றும் குறிக்கிறார். கிராமம், குடியானவர் பற்றி அவரிடம் பேச்சே இல்லை.

ப்ரூகலைப் பெல்ஜிய ஓவியர் என்று சொல்வது இன்றைய வசதிக்காகத்தான். பெல்ஜியம் என்ற நாடு 1830இல் உருவானது. அவர் வாழ்ந்த காலத்தில் இன்றைய பெல்ஜியமும் நெதர்லாந்தும் சேர்ந்த 17 மாகாணங்கள் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் கீழிருந்தன. முதலில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ். 1555க்குப் பிறகு அவர் மகன், ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப். பிரபாண்ட் என்னும் மாகாணத்தின் இரு பெருநகரங்கள் ஆண்ட்வெர்ப்பும் பிரஸ்ஸல்ஸும். ப்ரூகலின் வாழ்க்கை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது. இடையில் ஒரே ஒரு நீண்ட பயணம்.

பிறந்த ஆண்டு தெரியாது. 1551இல் ஆண்ட்வெர்ப்பின் புனித லூக்கா ஓவியர் சங்கப் பதிவேட்டில் அவர் பெயர் தேர்ந்த ஓவியராக ஏறுகிறது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு 1525க்கும் 1530க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும் என்று சொல்லிவருகிறார்கள். பேரரசரின் ஓவியரான பீட்டர் கூக் வான் ஆல்ஸ்டிடம் தொழில் கற்றார் என்கிறார் வான் மாண்டர். குருவின் பாணி சீடரிடம் துளியும் தெரியாததால் ஆய்வாளர்கள் சிலர் இதை ஐயத்தோடு பார்க்கிறார்கள். ஆனால் பின்னாளில் கூக்கின் மகளையே ப்ரூகல் மணந்தார் என்பதால் அந்த வீட்டோடு பழக்கம் இருந்தது உறுதி.

1552 வாக்கில் இத்தாலிக்குப் புறப்பட்டார். அக்காலத்து வடநாட்டு ஓவியர்களுக்கு இத்தாலி யாத்திரை கட்டாயம்போல் ஆகியிருந்தது. ஃப்ளோரிஸ் போன்றவர்கள் மைக்கலாஞ்சலோவின் முறுக்கேறிய உடல்களை நெஞ்சில் சுமந்துகொண்டு திரும்பி, ஹெர்குலிஸையும் தேவதைகளையும் வரைந்து பெரும்புகழ் பெற்றார்கள். ப்ரூகல் 1553இல் ரோமில் இருந்தார். நுண்ணோவியக் கலைஞர் ஜூலியோ க்ளோவியோவோடு சேர்ந்து வேலை செய்தார். க்ளோவியோ இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் ப்ரூகல் தந்தத்தில் வரைந்த பாபேல் கோபுரம் ஒன்று இருக்கிறது. அது இன்று கிடைக்கவில்லை. ப்ரூகல் தன்னோடு கொண்டுவந்த செல்வம் வேறு: ஆல்ப்ஸ் மலைகளைப் பேனாவால் வரைந்த ஓவியங்கள். தட்டை நிலத்தில் வளர்ந்தவருக்கு அந்த மலைகள் எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் கோடுகளைப் பார்த்தாலே தெரியும். பாறையும் பள்ளத்தாக்கும் மூச்சுவிடுகின்றன. இந்த மலைகள் பிறகு அவரைவிட்டுப் போகவே இல்லை. ஃப்ளாண்டர்ஸ் கிராமத்துக்குப் பின்னால்கூட அவர் கூசாமல் ஒரு பனிச் சிகரத்தை நிறுத்திவிடுவார்.

திரும்பி வந்தவர் தூரிகையைக் கொண்டு பிழைக்கவில்லை. ஆண்ட்வெர்ப்பில் ஹியரோனிமஸ் காக் என்பவர் மனைவி ஃபோல்க்ஸ்கென் டீரிக்ஸோடு சேர்ந்து ‘நான்கு காற்றுகள்’ என்ற பெயரில் அச்சுப்படப் பதிப்பகம் நடத்தினார். ப்ரூகல் அந்தப் பதிப்பகத்துக்கு வரைந்து கொடுப்பவர் ஆனார். என் பார்வையில் அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் இதுதான். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஆண்ட்வெர்ப் அன்று வட ஐரோப்பாவின் பெருஞ்சந்தை. மலபார் மிளகு போர்த்துக்கீசியக் கப்பல்களில் லிஸ்பனுக்கு வந்து, அங்கிருந்து இந்த நகரம் வழியாகத்தான் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவுக்குள் பரவியது. ஆங்கிலக் கம்பளி, ஜெர்மன் செம்பு, வெள்ளி எல்லாம் கைமாறும் ஊர் அது. அங்கே அச்சுப்படமும் ஒரு சரக்கு. ஓவியர் தாளில் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதைச் செப்புத் தகட்டில் கூரிய உளியால் கீறுவார். தகட்டில் மை தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறி விழும். ஆகவே அச்சில் ஒருவன் வலக்கையில் வாள் பிடிக்க வேண்டுமானால் ஓவியர் அவனை இடக்கைக்காரனாக வரைய வேண்டும். ப்ரூகலின் மூல வரைபடங்களில் பீட்டர் வான் டெர் ஹேடன் போன்ற செதுக்குபவர்கள் குழம்ப இடமே இல்லாதபடி ஒவ்வொரு கோடும் தீர்மானமாக விழுந்திருக்கிறது.

வாங்குகிறவர் அச்சுப்படத்தைச் சுவரில் மாட்டித் தூரத்திலிருந்து வணங்க மாட்டார். மேசையில் விரித்து வைப்பார், நண்பர்களோடு குனிந்து பார்ப்பார், அடியில் லத்தீனிலோ டச்சிலோ இருக்கும் வரிகளைப் படிப்பார், மூலையில் எவன் என்ன செய்கிறான் என்று விரல் வைத்துக் காட்டுவார். படம் என்பது படிக்கும் பொருள். கண் ஓரிடத்தில் நிற்காமல் ஊர்ந்து போக வேண்டும். ஏழு பாவங்கள் (1558), நற்குணங்கள் (1559–60) என்று காக்குக்காக ப்ரூகல் தந்த வரிசைகள் எல்லாம் இந்தப் பார்வைக்காகவே அமைந்தவை. பாவங்களின் படத்தில் உடைந்த முட்டைக்குள்ளிருந்து கால் முளைத்த உருவங்களும் மீன்முகப் பிசாசுகளும் மொய்க்கின்றன. போஷின் பூதங்களுக்கு அப்போது நல்ல கிராக்கி. 

‘பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும்’ என்ற படத்தைப் பாருங்கள். கரையில் ஒதுங்கிய மாபெரும் மீனின் வயிற்றை ஒருவன் தன்னைவிடப் பெரிய கத்தியால் கிழிக்கிறான். வாயிலிருந்தும் வயிற்றிலிருந்தும் மீன்கள் கொட்டுகின்றன, அவற்றின் வாயிலும் மீன்கள். ஓரத்தில் ஒரு மீன் மனிதக் கால்களோடு, வாயில் கவ்விய மீனோடு நடந்து போகிறது. முன்னால் படகில் ஒரு தந்தை மகனுக்கு அதைச் சுட்டிக்காட்டுகிறார். வியன்னாவின் அல்பெர்ட்டினாவில் உள்ள மூல வரைபடம் 1556இல் ப்ரூகல் போட்டது. 1557இல் வந்த அச்சிலோ கற்பனை செய்தவர் பெயராகப் போஷ் என்று போட்டிருக்கிறது. போஷ் இறந்து 40 ஆண்டுகள் கடந்திருந்தன. செத்தவர் பெயருக்குச் சந்தை இருந்தது, இளைஞருக்கு இல்லை. காக் வணிகர், வணிகர் செய்வதைத்தான் செய்தார்.

1559இல் ப்ரூகல் இரண்டு காரியங்கள் செய்கிறார். தன் பெயரிலிருந்த ‘ஹெச்’ எழுத்தை நீக்கிவிட்டுக் கையெழுத்திடத் தொடங்குகிறார். அச்சுப்படத்தின் பார்வையை அப்படியே ஓக் பலகைக்குக் கொண்டுவருகிறார். பெர்லினில் உள்ள ‘பழமொழிகள்’, வியன்னாவில் உள்ள ‘களியாட்டத்துக்கும் தவக்காலத்துக்கும் நடக்கும் சண்டை’ இரண்டும் அந்த ஆண்டுக்குரியவை. அடுத்த ஆண்டு ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’. இந்த மூன்றுக்கும் நடு என்று ஒன்று கிடையாது. மேலேயிருந்து சரிவாகப் பார்த்த ஒரு வெளி, அதில் சிதறிய நூற்றுக்கணக்கான சிறு உருவங்கள், ஒவ்வொன்றும் தன் வேலையில் மும்முரம்.

‘பழமொழிகள்’ படத்துக்கு ஓராண்டு முன்பே ஃப்ரான்ஸ் ஹோகன்பெர்க் அதே பொருளில் ஓர் அச்சுப்படம் போட்டிருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். கருத்து அச்சுக்கடையில் ஏற்கெனவே புழங்கியது. ஹோகன்பெர்க் பழமொழிகளைத் தனித்தனியாக நிறுத்தி, பக்கத்தில் வாசகத்தையும் எழுதிவிட்டார். ப்ரூகல் வாசகத்தை எடுத்துவிட்டு நூற்றுக்கு மேற்பட்ட பழமொழிகளை ஒரே ஊரில் குடிவைத்தார். ஒருவன் செங்கல் சுவரில் தலையை முட்டுகிறான். ஒருத்தி பிசாசையே தலையணையில் வைத்துக் கட்டுகிறாள். கன்றுக்குட்டி விழுந்து செத்த பிறகு ஒருவன் குழியை மூடுகிறான். நாம் கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்போம். பூனைக்கு மணி கட்டுகிறவன் முழுக் கவசத்தில் இருக்கிறான், அந்தப் பூனை நமக்கும் பழக்கமானதே. தனித்தனியாகச் சிரிப்பூட்டும் மடமைகள் ஒரே தெருவில் சேரும்போது சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போகிறது. ஏனென்றால் இவர்களில் ஒருவனும் அடுத்தவனைப் பார்ப்பதில்லை.

1563 கோடையில் பிரஸ்ஸல்ஸின் ‘ஷாபெல்’ மாதா கோயிலில் கூக்கின் மகள் மைக்கெனை மணந்துகொண்டு ப்ரூகல் அந்த நகரத்துக்கே குடிபெயர்ந்தார். ஆண்ட்வெர்ப்பில் ஒரு பணிப்பெண்ணோடு வாழ்ந்தார், அவள் பொய் சொல்லும்போதெல்லாம் ஒரு கோலில் வெட்டுப் போட்டுவந்தார், கோல் நிறைந்ததும் விலகினார், அவளைவிட்டுத் தள்ளி வைக்கவே மாமியார் ஊர் மாறச் சொன்னார் என்று வான் மாண்டர் சொல்கிறார். வம்புக்கதையாகப் படிக்கலாம். மாமியார் மைக்கென் வெர்ஹுல்ஸ்ட் மட்டும் கதையில்லை. நீர்வண்ண நுண்ணோவியத்தில் பெயர் பெற்றவர். குய்ச்சார்தினி அந்நாட்டின் குறிப்பிடத்தக்க பெண் ஓவியர்களாகச் சொன்ன ஒரு சிலரில் ஒருவர். அவர் படைப்பு என்று கையெழுத்தோடு இன்று எதுவும் நம்மிடம் இல்லை.

இனி ப்ரூகல் பெரும்பாலும் பலகையில்தான் வேலை செய்கிறார். பாபேல் கோபுரம் (1563), சிலுவை ஊர்வலம் (1564), மாதங்கள் (1565), பெத்லகேம் குடிக்கணக்கு (1566), பவுலின் மனமாற்றம் (1567) என்று மூச்சுவிடாமல் வருகின்றன. இவற்றில் அவர் ஒரு வினோதமான வழக்கத்தைப் பழகிக்கொள்கிறார். கதையின் நாயகனை ஒளித்துவிடுகிறார். சிலுவை ஊர்வலத்தில் இயேசு பலகையின் நட்டநடுவில் விழுந்து கிடக்கிறார், ஆனாலும் முதல் பார்வையில் தெரிவதில்லை. மரண தண்டனையை வேடிக்கை பார்க்க ஊரே திரண்டு போகிறது. வழியில் சண்டை, சேற்றுப் பள்ளத்தைத் தாண்டும் பிள்ளைகள், சிவப்புச் சட்டைக் குதிரை வீரர்கள். ஓர் எட்டாத பாறை உச்சியில் ஒரு காற்றாலை. பவுலின் மனமாற்றத்தில் முன்னால் பிரம்மாண்டமாகத் தெரிவது குதிரைகளின் பின்புறம். தரையில் விழுந்து கிடக்கும் பவுலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெத்லகேம் குடிக்கணக்கு பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை ப்ரூகலின் தலைசிறந்த படைப்பு என்று நான் சொல்வேன். வேட்டைக்காரர்கள் ஓவியத்துக்கு ஓட்டுப் போடுபவர்கள் மன்னிக்க வேண்டும். பனி மூடிய பிரபாண்ட் கிராமம், மாலை நேரம், இலையற்ற மரக்கிளைகளுக்குப் பின்னே சிவந்து இறங்கும் சூரியன். இடப்புறம் சத்திரத்து ஜன்னலில் கூட்டம் முண்டுகிறது. உள்ளே அதிகாரிகள் பணம் வாங்கிக் கணக்கில் எழுதுகிறார்கள். சத்திரச் சுவரில் ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் இருதலைக் கழுகுச் சின்னம். வாசலில் பன்றி அறுக்கிறார்கள், ஒருத்தி சட்டியில் ரத்தம் பிடிக்கிறாள். குழந்தைகள் உறைந்த நீரில் சறுக்குகிறார்கள். தோளில் நீண்ட ரம்பத்தோடு முகம் தெரியாமல் ஒரு தச்சர் நடக்கிறார். அவருக்குப் பின்னால் கழுதைமேல் போர்வைக்குள் சுருண்ட ஒரு பெண். அவள் வயிற்றில் இருப்பது யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவர்களும் வரிசையில் நின்று பெயர் கொடுத்து வரி கட்ட வந்தவர்கள்தான்.

லூக்கா சுவிசேஷத்தில் ஓரிரு வசனங்களில் கடந்துபோகும் செய்தி இது. மற்ற ஓவியர்கள் அதைத் தாண்டித் தொழுவத்துக்கு ஓடிவிடுவார்கள். ப்ரூகல் தொழுவத்துக்கு முந்தைய மணி நேரத்தைப் பிடித்தார். அச்சுப்படத்தில் பழகிய அந்த ஊரும் கண் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. படைப்பவருக்கும் முடியாது, பார்ப்பவருக்கும் முடியாது. விளையாட்டாக, வியாபாரமாகத் தொடங்கிய ஓர் உத்தி இங்கே பெரிய சிந்தனையாகிவிடுகிறது. பெரிய நிகழ்ச்சிகள் நடக்கும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்கு அவை பெரிய நிகழ்ச்சிகளாகத் தெரிவதில்லை.

இந்தக் கழுகுச் சின்னத்தை வைத்துத்தான் இன்னொரு ப்ரூகல் உருவாகியிருக்கிறார்: ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த ரகசியக் கலகக்காரர். காலமும் அதற்கு இடம் தருகிறது. 1566 ஆகஸ்டில் புராட்டஸ்டண்ட் கூட்டங்கள் தேவாலயச் சிலைகளை உடைத்தன. மறு ஆண்டு ஆகஸ்டில் ஃபிலிப் மன்னர் அனுப்பிய ஆல்பா கோமகன் படையோடு பிரஸ்ஸல்ஸில் நுழைந்தார். 1568 ஜூன் 5 அன்று எக்மாண்ட், ஹோர்ன் என்ற இரு பிரபுக்களின் தலைகள் நகரச் சதுக்கத்தில் விழுந்தன. ப்ரூகலின் வீடு அந்த நகரத்தில்தான் இருந்தது. ‘குழந்தைகளின் படுகொலை’ ஓவியத்தில் பனிக் கிராமத்துக்குள் கவச வீரர்கள் புகுந்து பச்சிளம் பிள்ளைகளைக் கொல்வதைப் பார்க்கிறவர்களுக்கு ஆல்பாவின் படை நினைவுக்கு வருவது இயல்பு. 

நினைவுக்கு வருவது வேறு, சான்று வேறு. குடிக்கணக்கு ஓவியத்தின் தேதி 1566. ஆல்பா அப்போது வந்திருக்கவில்லை. ப்ரூகலின் முக்கியமான வாடிக்கையாளர்களில் ஒருவர் கார்டினல் கிரான்வெல். மாகாணங்கள் வெறுத்த, ஃபிலிப் மன்னரின் வலக்கை. இன்று லண்டன் கோர்டால்ட் கூடத்தில் உள்ள ‘எகிப்துக்குத் தப்பிச் செல்லுதல்’ (1563) அவரிடம் இருந்தது. யோங்கலிங்கின் தம்பி ஜாக் சிற்பி. ஆல்பாவுக்கு வெண்கலச் சிலை வார்த்துக் கொடுத்தவரே அவர்தான். 1569 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் நகர நிர்வாகம் ப்ரூகல் வீட்டில் ஸ்பானிய வீரர்களைத் தங்கவைக்க வேண்டாம் என்று சலுகை கொடுத்தது. பிரஸ்ஸல்ஸ்–ஆண்ட்வெர்ப் கால்வாய் வெட்டியதை வரைந்து தரும்படி அதே நிர்வாகம் அவரிடம் கேட்டிருந்தது, சாவு குறுக்கிட்டது என்று வான் மாண்டரும் எழுதுகிறார். அதிகாரத்துக்கு வேண்டாதவராக இருந்தவருக்கு இதெல்லாம் கிடைக்காது.

மறுபக்கத்தில் ஒரு செய்தியையும் வைக்க வேண்டும். சாகும் தறுவாயில், கடுமையான கிண்டல் வாசகங்கள் கொண்ட சில வரைபடங்களை மனைவியிடம் எரிக்கச் சொன்னார், வருத்தத்தாலோ அவளுக்குத் தீங்கு வருமோ என்ற அச்சத்தாலோ என்று அதே வான் மாண்டர் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது கலகக்காரர் இல்லை. கண்ணை மூடிக்கொண்டவரும் இல்லை. நிலப்படத் தொகுப்பாளர் ஆபிரகாம் ஓர்ட்டேலியஸ் போன்ற நண்பர்கள் வட்டத்தில், இரண்டு மதக் கட்சிகளின் வெறியையும் சகிக்காமல், வாயைக் கட்டி வாழ்ந்த படித்த நகரத்தவர் ஒருவர் தெரிகிறார். பின்னாளில் ‘படுகொலை’ ஓவியத்தைச் சகிக்க முடியாமல் போனது ஆட்சியாளர்களுக்குத்தான். அது பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் கைக்குப் போன பிறகு செத்த குழந்தைகளின்மேல் வண்ணம் பூசி மூட்டைகளாகவும் வாத்துகளாகவும் கால்நடைகளாகவும் மாற்றினார்கள். படுகொலை சாதாரணக் கொள்ளையாகிவிட்டது. இன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் உள்ள மூல ஓவியத்தில் ஒரு தாய் மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு அழுகிறாள்.

மாதங்களுக்கு வருவோம். யோங்கலிங்க் வீட்டுக்காக வரைந்தவை ஆறு பலகைகள் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஒரு பலகைக்கு இரண்டு மாதம். ஐந்து எஞ்சியுள்ளன. மூன்று வியன்னாவில், ‘வைக்கோல் அறுப்பு’ பிராகில், ‘அறுவடை’ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். வசந்த காலத்துக்குரிய ஆறாவது காணவில்லை. வேட்டைக்காரர்கள் ஓவியம் பிறந்த 1565க்கு முந்தைய குளிர்காலம் அந்தத் தலைமுறை கண்ட கொடிய குளிர்காலங்களில் ஒன்று. மூன்று வேட்டைக்காரர்கள் முதுகைக் காட்டி நடக்கிறார்கள். ஒருவன் தோளில் ஒரே ஒரு நரி. சோர்ந்த நாய்கள். இடப்புறம் சத்திரத்தின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று தொங்குகிறது. கீழே, வெகு கீழே, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் உறைந்த குளங்கள், எறும்புபோல் சறுக்கி ஆடும் மக்கள். இன்னும் தள்ளி ஒரு வீட்டுப் புகைபோக்கியில் தீ, ஏணியோடு ஓடுகிறார்கள். இந்தத் தீயை ஒரு விரல்நக அகலத்துக்குள் வரைந்திருக்கிறார். அங்கே ஒரு குடும்பத்துக்கு அது வாழ்நாளின் துயரம். பலகை முழுவதற்கும் அது ஒரு புள்ளி.

‘குடியானவர் திருமணம்’, ‘குடியானவர் நடனம்’ என்ற புகழ்பெற்ற இரண்டும் 1567–68ஐ ஒட்டியவை. உருவங்கள் திடீரென்று பெரிதாகிவிடுகின்றன. ஊரும் கண்ணுக்கு இனி வேலை குறைவு. களஞ்சியத்தில் பந்தி நடக்கிறது. கழற்றிய கதவையே தட்டாக்கி இருவர் கூழ்க் கிண்ணங்களைச் சுமந்து வருகிறார்கள். ஒரு குழந்தை விரலால் தட்டை வழித்து நக்குகிறது. மணப்பெண் கையைக் கோத்து, கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை எங்கே என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். நகரத்தார் குடியானவரைக் கேலி செய்து சிரிக்கும் படமா, நெஞ்சாரப் பாராட்டும் படமா? கேலிக்காக மட்டும் வரைபவர் அந்தத் துருத்தி வாத்தியக்காரனுக்கு அப்படி ஒரு பசித்த பார்வையைக் கொடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

1568இன் ‘குருடர்கள்’ நேப்பிள்ஸில் இருக்கிறது. ஓக் பலகை, சுண்ணமும் பசையும் கலந்த பூச்சு, அதன்மேல் மெல்லிய எண்ணெய் வண்ணம் என்பது ப்ரூகலின் வழக்கமான முறை. இதுவோ துணியில் பசை வண்ணம். ஆறு குருடர்கள் ஒருவர் தோளை, ஒருவர் கோலைப் பிடித்து வரிசையாக நடக்கிறார்கள். முதல்வன் பள்ளத்தில் விழுந்துவிட்டான். இரண்டாமவன் விழுந்துகொண்டிருக்கிறான், அவன் முகம் நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. கடைசி ஆளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஒவ்வொரு கண்ணின் நோயும் வேறுவேறு என்று கண் மருத்துவர்கள் பெயர் சொல்லிப் பிரித்திருக்கிறார்கள். ஒருவனுக்கு விழியே தோண்டப்பட்டிருக்கிறது. பின்னால் தெரியும் தேவாலயம் பிரஸ்ஸல்ஸுக்கு அருகே சின்ட்–அன்னா–பெடே ஊரில் இன்றும் நிற்கிறது. இங்கே வேடிக்கை பார்க்கும் கூட்டம் இல்லை. ஒளிந்திருக்கும் நாயகனும் இல்லை.

1569 செப்டம்பரில் ப்ரூகல் இறந்தார். வயது 40ஐ ஒட்டி இருக்கும். மணமுடித்த அதே ஷாபெல் கோயிலில் அடக்கம். மூத்த மகன் பீட்டருக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை, இளையவன் ஜான் கைக்குழந்தை. தந்தையிடம் இருவரும் எதுவும் கற்கவில்லை. ஜானுக்கு நீர்வண்ணம் சொல்லிக்கொடுத்தவர் பாட்டி மைக்கென் வெர்ஹுல்ஸ்ட். ஜான் பிறகு மலர் ஓவியத்தில் பெரும்பெயர் பெற்று ரூபன்ஸோடு கூட்டாக வரைந்தார். பீட்டர் தந்தையின் படைப்புகளைப் பிரதி எடுக்கும் பட்டறையே நடத்தினார். பனியில் பறவைக் கண்ணி வைத்த ஒரு சிறு நிலக்காட்சிக்கு மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பிரதிகள் உலகெங்கும் கிடக்கின்றன. ஒருகாலத்தில் அச்சுக்கூடம் செய்த வேலையை மகன் தூரிகையால் செய்தார். தந்தை நீக்கிய ‘ஹெச்’ எழுத்தும் குடும்பப் பெயரில் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது.

மூல ஓவியங்கள் அரச மாளிகைகளுக்குப் போயின. 1594இல் ஆண்ட்வெர்ப் நகரம் மாதங்களின் வரிசையை ஆளுநராக வந்த எர்ன்ஸ்ட் இளவரசருக்குப் பரிசளித்தது. அவர் மறு ஆண்டே இறக்க, அவருடைய அண்ணன் ருடால்ஃப் பேரரசர் ப்ரூகலின் ஓவியங்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்று பன்னிரண்டு இருப்பது இதனால்தான். எஞ்சியிருக்கும் ப்ரூகல் ஓவியங்கள் எல்லாம் சேர்த்தே 40ஐ ஒட்டித்தான் வரும். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அவரைச் சிரிப்பு ஓவியராக மட்டும் வைத்திருந்தார்கள். பூதங்களின் நடுவே வாளோடு ஓடும் பைத்தியக்காரக் கிழவியை வரைந்த ‘டுல்லே க்ரீட்’ 1894இல் கொலோன் ஏலத்தில் சொற்ப விலைக்குப் போனது. வாங்கிய ஃப்ரிட்ஸ் மாயர் வான் டென் பெர்க்கின் பெயரில் ஆண்ட்வெர்ப்பில் உள்ள அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அண்மையில் அழுக்கு நீக்கிச் சுத்தம் செய்தபோது அதன் தேதி 1563 என்று தெளிவாயிற்று.

2018இல் வியன்னாவில் பெரும் ப்ரூகல் கண்காட்சி நடந்தபோது, அந்த அருங்காட்சியகம் தன்னிடமுள்ள பன்னிரண்டு பலகைகளையும் நுண்ணிய ஒளிப்படங்களாக, அகச்சிவப்பு, எக்ஸ்ரே படங்களோடு சேர்த்து இணையத்தில் திறந்துவிட்டது. வண்ணத்துக்கு அடியில் அவர் போட்ட கோடுகள் தெரிகின்றன. அருங்காட்சியகக் காவலர் நம்மை அனுமதிக்காத நெருக்கத்தில் அவற்றைப் பார்க்கலாம். யோங்கலிங்கின் விருந்தாளிகள் குனிந்து பார்த்ததைப் போல, மூலையிலிருந்து தொடங்கி மெதுவாகப் பார்க்க வேண்டும். சிலுவை ஊர்வலத்திலிருந்து தொடங்குங்கள்.